ஓர் உறுதிமொழி கொடுத்தால் விடுதலை... 12 ஆண்டுகள் மறுத்தவர்! சிறையில் நம்பிக்கையைக் கண்டெடுத்த ஜான் பன்யன் யார்?

1660-ம் ஆண்டு நவம்பர் மாதம், இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் ஒருவர் கைது செய்யப்பட்டார். திருட்டு இல்லை, அடிதடி இல்லை, அரசைக் கவிழ்க்கும் சதியும் இல்லை. ஒரு பண்ணை வீட்டில் கூடியிருந்தவர்களிடம் பைபிளைப் பற்றிப் பேசப் போனார். அவ்வளவுதான் கேஸ்.

இனிமேல் பிரசங்கம் பண்ண மாட்டேன் என்று ஓர் உறுதிமொழி கொடுத்திருந்தால், உடனே வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. விளைவு, 12 ஆண்டுகள் சிறை. வீட்டில் கர்ப்பிணி மனைவி, நான்கு குழந்தைகள். மூத்த பெண்ணுக்குக் கண் பார்வை கிடையாது.

அவர்தான் ஜான் பன்யன். 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படும் புத்தகத்தை எழுதியவர். 200-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போன புத்தகம் அது.

மத நம்பிக்கைக்காக ஜெயிலுக்குப் போன ஒருவர், அங்கே சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நமக்குச் சந்தேகம் வரும். உண்மையாகவே சந்தோஷமா, இல்லை வெளியே காட்டிக்கொள்ளும் வீறாப்பா? பன்யன் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு அவரே பதில் எழுதி வைத்திருக்கிறார். ஏன்னா, தன்னுடைய பயத்தை அவர் எங்கேயும் மறைக்கவில்லை.

ஈயம் பூசுபவரின் மகன்

1628-ம் ஆண்டு, பெட்ஃபோர்டு நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எல்ஸ்டோ கிராமத்தில் பிறந்தார் பன்யன். அப்பாவுக்குப் பாத்திரத் தொழில். ஊர் ஊராகப் போய் ஓட்டை அடைப்பது, ஈயம் பூசுவது. மகனும் அதே தொழிலுக்குத்தான் வந்தார். கொஞ்ச காலம் பள்ளிக்கூடம் போனார், எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். கல்லூரிப் பக்கமே போனதில்லை.

1644-ல் அவருக்கு அடுத்தடுத்து அடி. ஜூன் மாதம் அம்மா இறந்தார். அடுத்த மாதமே தங்கை மார்கரெட்டும் போய்விட்டார். கொஞ்ச நாளிலேயே அப்பா மறுமணம் செய்துகொண்டார். அப்போது இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பதினாறு வயது பன்யன் நாடாளுமன்றப் படையில் சேர்ந்து, நியூபோர்ட் பேக்னல் என்ற ஊரின் கோட்டைக் காவலில் இருந்தார். ஒருமுறை இவர் போக வேண்டிய இடத்துக்கு இன்னொரு வீரர் மாற்றாகப் போனார். காவலுக்கு நின்ற அந்த வீரர் தலையில் குண்டு பாய்ந்து இறந்துபோனார். அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு பன்யனைக் கடைசி வரை விடவில்லை.

போர் முடிந்து ஊர் திரும்பினார். 1649 வாக்கில் கல்யாணம். இருவருமே பரம ஏழைகள். ஊர்ப் பாத்திரத்தை எல்லாம் சரி செய்கிறவர் வீட்டில், சொந்தமாக ஒரு தட்டோ கரண்டியோ இல்லை. மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்திப் புத்தகங்கள் மட்டும்தான். 1650-ல் முதல் குழந்தை மேரி பிறந்தாள். பார்வையில்லாமல் பிறந்த குழந்தை.

கிட்டிப்புள் விளையாட்டும் மனப் போராட்டமும்

இளைஞர் பன்யனுக்குப் பிடித்த விஷயங்கள் மூன்று: நடனம், சர்ச் மணி அடிப்பது, நம்ம ஊர் கிட்டிப்புள் மாதிரியே கட்டையைத் தட்டித் தெறிக்க விடும் ஒரு விளையாட்டு. அதோடு, கெட்ட வார்த்தை பேசுவதில் ஊரிலேயே முதலிடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி விளையாடிக்கொண்டிருந்தபோது, பாவத்தை விடப்போகிறாயா, இல்லை நரகத்துக்குப் போகப்போகிறாயா என்று யாரோ கேட்பது போல மனதுக்குள் ஒரு குரல். கட்டையைத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவருக்கு நிம்மதி இல்லை. மணி அடிப்பதை விட்டார். ஆனாலும் ஆசை விடவில்லை, போய் நின்று வேடிக்கை பார்த்தார். மணி விழுந்து தலையில் அடித்துவிடுமோ என்று பயம் வந்தது. அப்புறம் கோபுரமே சரிந்துவிடுமோ என்று பயம். நடனத்தை விடுவதற்கு மட்டும் ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. கடவுள் தன்னை ஏற்கவே மாட்டார் என்ற எண்ணம் அவரை அரித்தது. இன்றைக்கு நாம் இதைக் கடுமையான மன அழுத்தம் என்றே சொல்வோம்.

இதில் ஒரு திருப்பம் வந்தது பெட்ஃபோர்டு தெரு ஒன்றில். வேலைக்காகப் போயிருந்தபோது, மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வாசலில் வெயில் காய்ந்தபடி கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மதம் பற்றி வாய் கிழியப் பேசக்கூடியவர்தான் பன்யன். ஆனா, அந்தப் பெண்களின் பேச்சில் இருந்த சந்தோஷம் அவருக்குப் புரியவே இல்லை. பயமில்லாமல் ஒருவர் கடவுளைப் பற்றிப் பேச முடியும் என்பதை அங்கேதான் முதல்முறை பார்த்தார். அவர்களுடைய சிறிய சபையில் சேர்ந்தார். ஜான் கிஃபோர்ட் என்பவர் அதன் போதகர். கொஞ்சம் கொஞ்சமாக பன்யனும் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பாத்திரக்காரர் பேசுகிறாராமே என்று பார்க்க வந்த கூட்டம், பேச்சைக் கேட்க வரும் கூட்டமாக மாறியது.

1658-ல் முதல் மனைவி இறந்தார். நான்கு குழந்தைகளோடு தனியாக நின்ற பன்யன், அடுத்த ஆண்டு எலிசபெத் என்ற இளம்பெண்ணை மணந்தார்.

பிரசங்கம் செய்தால் ஏன் கைது?

இங்கே ஒரு கேள்வி வரும். இங்கிலாந்து கிறிஸ்தவ நாடுதானே? கிறிஸ்தவப் பிரசங்கத்துக்கு அங்கே ஏன் தடை?

விஷயம் இதுதான். 1649-ல் மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட பிறகு, இங்கிலாந்தில் சுமார் 11 ஆண்டுகள் மன்னராட்சி இல்லை. அந்தக் காலத்தில் அரசு சபைக்கு வெளியே இருந்த பன்யன் மாதிரியான சின்னச் சின்னக் குழுக்களுக்கு நிறைய சுதந்திரம் கிடைத்தது. 1660 மே மாதம் இரண்டாம் சார்லஸ் மன்னராகத் திரும்பினார். இங்கிலாந்து அரசு சபை பழைய அதிகாரத்தோடு மீண்டும் வந்தது. அனுமதி இல்லாமல் கூடுகிறவர்கள் மன்னருக்கு எதிராகத்தான் கூடுகிறார்கள் என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

1593-ல் முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் போடப்பட்ட ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். அரசு சபையின் வழிபாட்டுக்கு வராமல் தனியாகக் கூட்டம் நடத்தினால் சிறை. அதற்கும் பணியாவிட்டால் நாடு கடத்தல். அனுமதி இல்லாமல் திரும்பி வந்தால் தூக்கு.

அதாவது, கிறிஸ்தவர்களே கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலம் அது. சிலுவையைக் கும்பிடும் ஒரு அரசு, அதே சிலுவையைப் பற்றிப் பேசிய ஒருவரை உள்ளே தள்ளியது.

தப்பிக்க வாய்ப்பு இருந்தது

1660 நவம்பர் 12. லோயர் சாம்செல் என்ற இடத்தில் ஒரு பண்ணை வீட்டில் கூட்டம். பன்யனைப் பிடிக்க வாரன்ட் வந்திருக்கும் செய்தி முன்கூட்டியே தெரிந்துவிட்டது. கூட்டத்தை ரத்து செய்துவிடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். பன்யன் வெளியே வயலில் கொஞ்ச நேரம் தனியாக நடந்தார். இத்தனை நாள் மற்றவர்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, இப்போது நான் ஓடினால் புதிதாக நம்பிக்கைக்கு வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தார். திரும்பி உள்ளே வந்தார். ஜெபம் முடிந்து பேசத் தொடங்குவதற்குள் காவலர் வந்துவிட்டார்.

மாஜிஸ்திரேட் பிரான்சிஸ் விங்கேட் முன் நிறுத்தப்பட்டார். பன்யன் பிரசங்கம் செய்ய மாட்டார் என்று யாராவது பிணை கொடுத்தால் விட்டுவிடத் தயார் என்றார்கள். அப்படி யாராவது பிணை கொடுத்தால் அது வீணாகத்தான் போகும், நான் பேசுவதை நிறுத்த மாட்டேன் என்று பன்யனே சொல்லிவிட்டார். பெட்ஃபோர்டு சிறைக்குக் கொண்டு போனார்கள்.

1661 ஜனவரியில் விசாரணை. சரியாக அந்த நேரத்தில்தான் லண்டனில் தாமஸ் வென்னர் என்பவர் தலைமையில் ஒரு மதக் குழு ஆயுதம் ஏந்திக் கலகம் செய்திருந்தது. அதனால் தனிக்கூட்டம் நடத்துகிறவர்கள் மீது அரசின் கோபம் உச்சத்தில் இருந்தது. பன்யனுக்கும் அந்தக் கலகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீதிபதி ஜான் கீலிங் தீர்ப்பளித்தார்: மூன்று மாதம் சிறை. அதன்பிறகும் பணியாவிட்டால் நாடு கடத்தல். பன்யனின் பதில் சுருக்கமானது. இன்று விடுவித்தால் நாளையே பிரசங்கம் செய்வேன் என்றார்.

மூன்று மாதம் முடிந்ததும் நீதிமன்ற எழுத்தர் பால் காப் சிறைக்கு வந்து சமாதானம் பேசினார். அண்டை வீட்டாரோடு தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், யார் கேட்கப் போகிறார்கள், கூட்டம் மட்டும் கூட்டாதீர்கள் என்பது அவர் யோசனை. நியாயமான டீல் மாதிரிதான் தெரியும். ஆனா, ஒருவரிடம் பேசுவது நல்லது என்றால் பலரிடம் பேசுவது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்று கேட்டார் பன்யன்.  பன்யன் உள்ளேயே இருந்தார். நாடு கடத்தவும் இல்லை, விடவும் இல்லை. மூன்று மாதம் 12 ஆண்டுகளாக நீண்டது.

நீதிபதிகள் முன் நின்ற எலிசபெத்

இந்தக் கதையில் பன்யனைவிடப் பெரிய தைரியசாலி யார் என்று கேட்டால், பலர் எலிசபெத்தைத்தான் சொல்வார்கள்.

கணவர் கைதான அதிர்ச்சியில் அவருக்குக் குறைமாதத்தில் பிரசவ வலி வந்தது. குழந்தை இறந்துவிட்டது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்காது என்பது பொதுவான கணிப்பு. உடம்பு தேறியதும், கையில் மனுவோடு லண்டனுக்கே போய் பிரபுக்கள் சபை உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்தார். நீதிபதிகளிடம்தான் கேட்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

1661 ஆகஸ்டில் பெட்ஃபோர்டு ஸ்வான் விடுதியில் நீதிபதிகள் கூடியிருந்தார்கள். அந்த அறைக்குள் போய் நின்றார் எலிசபெத். நான்கு சின்னக் குழந்தைகள், அதில் ஒன்றுக்குக் கண் தெரியாது, பிழைப்புக்கு மற்றவர்கள் தரும் உதவியைத் தவிர வேறு வழியில்லை என்று எடுத்துச் சொன்னார். மேத்யூ ஹேல் என்ற நீதிபதி மனம் இளகினார். இந்தச் சின்ன வயதில் நான்கு குழந்தைகளா என்று கேட்டார். நான் இவர்களுக்குச் சித்திதான் என்றார் எலிசபெத்.

ட்வைஸ்டன் என்ற இன்னொரு நீதிபதிக்குக் கோபம். உன் கணவன் பிரசங்கத்தை விடுவானா என்று கேட்டார். பேச வாய் இருக்கும்வரை விட மாட்டார் என்றார் எலிசபெத். பாத்திரக்காரர்தானே என்று இளக்காரமாகப் பேச்சு வந்தபோதும் அவர் விடவில்லை. அவர் பாத்திரக்காரர், ஏழை, அதனால்தான் அவருக்கு நீதி கிடைக்கவில்லை என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டார். விடுதலை கிடைக்கவில்லை. கண்ணீரோடு வீடு திரும்பினார்.

பன்யனின் உறுதியைப் பாராட்டும்போது, அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்பதையும் பார்க்கணும். 12 ஆண்டுகள் அந்த வீட்டை நடத்தியது எலிசபெத்.

சிறைக்குள் இருந்தவை: லேஸ், பைபிள், பயம்

உள்ளே பன்யன் என்ன செய்தார்? முதல் வேலை, குடும்பத்துக்குச் சம்பாதிப்பது. நீளமான லேஸ் கயிறுகளின் நுனியில் உலோக முனை மாட்டும் வேலையை எடுத்துச் செய்தார். அதில் வந்த காசு வீட்டுக்குப் போனது.

அவரிடம் இருந்த முக்கியமான புத்தகங்கள் இரண்டு. ஒன்று பைபிள். இன்னொன்று, விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின் வரலாற்றைச் சொல்லும் ஜான் ஃபாக்ஸின் பெரிய நூல். நாற்காலிக் காலைக் குடைந்து புல்லாங்குழல் செய்து வாசித்தார், காவலர் வரும் சத்தம் கேட்டால் அதை மறுபடி நாற்காலியில் பொருத்திவிடுவார் என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு.

ஆரம்பத்தில் சிறை அதிகாரி கொஞ்சம் தாராளமாக இருந்தார். பன்யனை அவ்வப்போது வெளியே போய்வர விட்டார். லண்டன் வரைக்கும் போய் வந்திருக்கிறார்! விஷயம் மேலிடத்துக்குத் தெரிந்து, அதிகாரியின் வேலைக்கே ஆபத்து வந்தது. பிறகு பன்யனுக்கு வாசலை எட்டிப் பார்க்கக்கூட அனுமதி இல்லாமல் போனது.

வெளியே நிலைமை இன்னும் இறுகியது. 1662-ல் புதிய வழிபாட்டுச் சட்டத்துக்கு உடன்படாத ஏறக்குறைய 2,000 போதகர்கள் பதவி இழந்தார்கள். 1664-ல் வந்த சட்டப்படி, குடும்பத்தினர் தவிர ஐந்து பேருக்கு மேல் தனி வழிபாட்டுக்குக் கூடினாலே குற்றம். சிறையில் பன்யனுக்குத் துணையாக இவரைப் போன்றவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அங்கேயும் பிரசங்கம் நடந்தது. எந்தப் பேச்சை நிறுத்த அடைத்தார்களோ, அந்தப் பேச்சு ஜெயிலுக்குள்ளேயே நடந்தது.

1666-ல், சிறையில் இருந்தபடியே தன் ஆன்மிக சுயசரிதையை வெளியிட்டார் பன்யன். அதில் அவர் இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்.

முதலாவது, சந்தோஷம். வாழ்க்கையில் வேறு எந்தக் காலத்தையும்விட சிறையில்தான் பைபிள் தனக்கு நன்றாகத் திறந்தது என்கிறார். வெளியே இருந்தபோது சாதாரணமாகத் தோன்றிய வசனங்கள் உள்ளே பளிச்சென்று தெரிந்தன, கிறிஸ்து பக்கத்திலேயே இருப்பதாக உணர்ந்தேன் என்று எழுதுகிறார்.

இரண்டாவது, பயம். மனைவி, குழந்தைகளைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போல இருந்தது என்கிறார். அதிலும் பார்வையற்ற மேரி. அவள் பசியோடு இருப்பாளே, குளிரில் நடுங்குவாளே, பிச்சை எடுப்பாளோ, யாராவது அடிப்பார்களோ என்று நினைத்து நினைத்து உடைந்து போனார். தன் வீட்டைத் தானே மனைவி மக்கள் தலையில் இடித்துத் தள்ளுவதாகத் தோன்றியது.

தூக்குமேடை பயமும் இருந்தது. சாவது கூடப் பரவாயில்லை. ஏணியில் ஏறும்போது முகம் வெளுத்து, முழங்கால் நடுங்கி, பார்க்கிறவர்கள் சிரிக்கும்படி ஆகிவிடுமோ என்பதுதான் அவர் கவலை. அந்த நாட்களில் கடவுளிடமிருந்து ஆறுதலும் வரவில்லை, எல்லாம் இருட்டு என்கிறார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஆறுதல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், சொர்க்கமோ நரகமோ, கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிடுவேன். நம்பியதை விட மாட்டேன். இந்த முடிவை எடுத்த பிறகுதான் மனது லேசானது என்று எழுதுகிறார்.

கவனிச்சீங்களா? முதலில் சந்தோஷம் வந்து, அதனால் தைரியம் வரவில்லை. சந்தோஷமே வராவிட்டாலும் நிற்பேன் என்று முடிவெடுத்த பிறகுதான் சந்தோஷம் வந்தது.

கதவைத் திறந்ததில் எதிரணிக்கும் பங்கு

1672 மார்ச்சில் மன்னர் இரண்டாம் சார்லஸ், அரசு சபைக்கு வெளியே இருப்பவர்கள் மீதான தண்டனைச் சட்டங்களை நிறுத்திவைத்து அறிவிப்பு வெளியிட்டார். பன்யன் வெளியே வந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பே பெட்ஃபோர்டு சபை அவரைத் தன் போதகராகத் தேர்ந்தெடுத்திருந்தது. உள்ளே போகும்போது வயது 31. வெளியே வரும்போது 43.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அந்த ஆண்டு மன்னர் கையெழுத்திட்ட பொதுமன்னிப்புப் பட்டியலில் சுமார் 490 பெயர்கள் இருந்தன. பெரும்பாலானவர்கள் குவேக்கர்கள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினர். அந்த மன்னிப்புக்காக ஓடியாடி உழைத்தவர்களும் குவேக்கர்கள்தான். பட்டியலில் பன்யன் பெயரும் சேர்க்கப்பட்டது. ஆனா, 1656-ல் பன்யன் எழுதிய முதல் புத்தகமே குவேக்கர்களைக் கடுமையாகத் தாக்கிய புத்தகம்! தன்னோடு கருத்தில் மோதியவருக்கும் சேர்த்தே அவர்கள் கதவைத் திறந்தார்கள்.

சிறையில் பிறந்த பெஸ்ட்செல்லர்

சுதந்திரம் நிலைக்கவில்லை. மன்னரின் அறிவிப்பு அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. 1676 இறுதியில் பன்யன் மறுபடி சிறைக்குப் போய், 1677-ல் வெளியே வந்தார். 1678-ல் லண்டன் பதிப்பாளர் நத்தானியேல் பாண்டர் மூலம் 'மோட்சப் பிரயாணம்' வெளியானது. அதன் பெரும்பகுதி முதல் சிறைவாசத்தில் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

கதை எளிமையானது. கிறிஸ்தியான் என்ற ஒருவன் முதுகில் பெரிய மூட்டையோடு, அழிவின் நகரத்திலிருந்து பரலோக நகரத்துக்கு நடந்து போகிறான். வழியில் மாயச் சந்தை என்ற ஊர். அங்கே கிறிஸ்தியானும் அவன் நண்பன் உண்மையுள்ளவனும் கைதாகிறார்கள். வெறுப்பே பெயராகக் கொண்ட ஒரு நீதிபதி விசாரிக்கிறார். நண்பன் எரித்துக் கொல்லப்படுகிறான். தன்னை விசாரித்த நீதிமன்றத்தைத்தான் பன்யன் அங்கே வரைந்திருக்கிறார் என்று வாசகர்களுக்கு உடனே புரிந்திருக்கும். அடுத்து நடப்பதைப் பாருங்க. அந்த இருவர் நடந்துகொண்ட விதத்தைக் கண்ட உள்ளூர்க்காரன் ஒருவன் கிறிஸ்தியானோடு சேர்ந்துகொள்கிறான். அவன் பெயர், நம்பிக்கை. கொடுமை நடந்த ஊரிலிருந்துதான் நம்பிக்கை கிளம்பி வருகிறது.

பிறகு, சந்தேகக் கோட்டை. அதன் சொந்தக்காரன் விரக்தி என்ற ராட்சசன். இருவரையும் பிடித்து, புதன்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை இரவு வரை சோறு, தண்ணீர், வெளிச்சம் இல்லாமல் பாதாள அறையில் அடைக்கிறான். தடியால் அடிக்கிறான். இனி வாழ்ந்து என்ன பயன் என்று அவர்கள் மனதைக் கரைக்கிறான். சனி நள்ளிரவு இருவரும் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியப்போகும் நேரத்தில் கிறிஸ்தியானுக்குச் சட்டென்று ஒரு ஞாபகம். இந்தக் கோட்டையின் எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி தன் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர், வாக்குறுதி. கடவுள் கொடுத்த வாக்குறுதி. கடைசி இரும்புக் கதவு மட்டும் ரொம்ப முரண்டு பிடிக்கிறது. ஆனாலும் திறக்கிறது.

இதை எழுதியவரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். பெட்ஃபோர்டு சிறைக் கதவைத் திறக்கவும் ஒரு வாக்குறுதி போதும். பேச மாட்டேன் என்ற வாக்குறுதி. அந்தச் சாவியை அரசு 12 ஆண்டுகள் நீட்டிக்கொண்டே இருந்தது. அதை வாங்கினால் உடம்பு வெளியே போகும், மனது விரக்தி ராட்சசனின் கோட்டைக்குள் போகும் என்று பன்யன் நினைத்தார். அதனால் இன்னொரு வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

நெல்லை வரை வந்த பயணம்

பன்யன் இறப்பதற்குள் இந்தப் புத்தகம் பத்துக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. படித்தவர்கள் ஆரம்பத்தில் கண்டுகொள்ளவில்லை. வாங்கிப் படித்தது அவரைப் போன்ற உழைக்கும் மக்கள்.

தமிழுக்கும் இது வந்தது. திருநெல்வேலிப் பகுதியில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, இந்தக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தைப் படைத்தார். 1894-ல் வெளியான அந்த நூல்தான் அவருக்குக் கிறிஸ்தவக் கம்பர் என்ற பெயரை வாங்கித் தந்தது. பாத்திரக்காரரின் உரைநடை, தமிழில் கம்பனின் நடைக்கு மாறியது.

கைத்தடியோடு ஒரு நடனம்

1684-ல் பன்யன் இரண்டாம் பாகம் எழுதினார். இந்த முறை பயணம் போவது கிறிஸ்தியானின் மனைவியும் குழந்தைகளும். வீட்டில் விடப்பட்டவர்களின் கதை. 12 ஆண்டுகள் தன் குடும்பத்தைப் பிரிந்திருந்தவர் இதை எழுதியதில் ஆச்சரியம் இல்லை.

இவர்களோடு வரும் சக பயணிகள் எல்லோருமே வீரர்கள் அல்ல. ஒருவர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர். ஒரு பெண்ணின் பெயரே மிகுந்த பயம். அவள் அப்பா பெயர் சோர்வு. அப்பாவும் மகளும் அந்த விரக்தி ராட்சசனின் கோட்டையில் கைதிகளாகக் கிடந்தவர்கள். ராட்சசன் கொல்லப்பட்டு, கோட்டை இடிக்கப்பட்டு, இருவரும் மீட்கப்பட்டதும் நடுரோட்டிலேயே இசை தொடங்குகிறது. ஊன்றுகோல்காரர், பயந்த பெண்ணின் கையைப் பிடித்து நடனம் ஆடுகிறார். ஒரு கையில் ஊன்றுகோல் அப்படியே இருக்கிறது. அது இல்லாமல் அவரால் ஆட முடியாது. ஆனாலும் நன்றாகவே ஆடுகிறார்.

நடனம் பாவம் என்று பயந்து, ஒரு வருஷம் போராடி அதை விட்ட அதே பன்யன்தான் இந்தக் காட்சியை எழுதியவர்.

பயம் அவரையும் முழுசாக விட்டுப் போய்விடவில்லை. 1685-ல் புதிய மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் வந்ததும், மறுபடி கைதானால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று சொத்தை எல்லாம் எலிசபெத் பெயருக்கு எழுதிவைத்தார். நம்பிக்கை உள்ளவர், ஆனா ஏமாளி இல்லை.

1688-ல் ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் இருந்த சண்டையைத் தீர்த்துவைக்க ரெடிங் நகரத்துக்குப் போனார். சமாதானம் ஆனது. அங்கிருந்து லண்டனுக்குக் குதிரையில் வரும்போது கொட்டும் மழையில் நனைந்தார். காய்ச்சல் கண்டு, ஆகஸ்ட் 31 அன்று ஒரு மளிகைக் கடைக்கார நண்பர் வீட்டில் இறந்தார். வயது 59. லண்டன் பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு, 1689-ல், அரசு சபைக்கு வெளியே இருந்த புராட்டஸ்டன்ட் சபைகள் தனியாக வழிபட அனுமதிக்கும் சட்டம் இங்கிலாந்தில் வந்தது. எதற்காக 12 ஆண்டுகள் உள்ளே இருந்தாரோ, அந்த உரிமை சட்டமானதைப் பார்க்க அவர் இல்லை. அவரை அடைத்துவைத்த சிறையும் 1801-ல் இடிக்கப்பட்டது. 1874-ல் அதே பெட்ஃபோர்டு நகரத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைக்கப்பட்டது.